கை படாத மீன்

அவர் மீன் பிடிப்பார். மீனைத் தொட மாட்டார்.

தின்னவும் மாட்டார். அவர் வீட்டுக்குள் முட்டை போட்ட கேக்குகூட வராது. பாகூர் கடைத்தெருவில் மளிகைக்கடை. அப்பா காலத்துக் கடை. நெற்றியில் மூணு கோடு விபூதி, வேர்த்தாலும் அழியாது. அப்படிப்பட்டவர் வாரத்தில் ரெண்டு நாள் விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மணப்பட்டுக் கடற்கரைக்கு வந்து தூண்டில் போடுவார்.

எனக்குக் கம்பி கட்டுற வேலை. தளத்துக்குக் காங்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் கம்பியை வரிசையாகப் பரப்பி, சந்துக்குச் சந்து கட்டுக்கம்பி போட்டுக் கொக்கியால் முறுக்குவோமே, அது. எட்டரைக்குப் போனால் போதும். அதுக்கு முன்னாடி கடற்கரையில் கைத்தூண்டில் போட்டால் குழம்புக்கு ஆகும். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

எங்கள் கரையில் நடுவில் மணல், ரெண்டு கோடியிலும் கல். அந்தக் கல் தானாக வந்தது இல்லை. கடல் ஊரைத் தின்கிறது என்று லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டியது. வடக்குக் கல், தெற்குக் கல் என்போம். மணலில் நின்றால் கிழங்கான் கிடைக்கும். கல்லில் நின்றால் பாரை கிடைக்கும், காலும் உடையும்.

அவரை முதலில் பார்த்தது வடக்குக் கல்லில்.

"யோவ்! யோவ்! ஓடியா! உயிர் போவுது!"

தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடினேன். யாரோ கல்லிடுக்கில் விழுந்துவிட்டான் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் ஒருத்தர் நல்லாத்தான் நின்றுகொண்டிருந்தார். செத்த பாம்பைக் குச்சியில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி தூண்டில் ராடைத் தூரமாக நீட்டிப் பிடித்திருந்தார். நைலான் நரம்பு நுனியில் ஒரு சாண் கிழங்கான் துடித்தது.

"யாருக்கு உயிர் போவுது?"

"அதுக்குத்தான். எடுய்யா சீக்கிரம்."

"நீங்களே எடுக்கலாமே."

"நான் தொட மாட்டேன்பா. நாங்க சைவம்."

தூண்டில் முள்ளைக் கழற்றி மீனை அவர் பக்கம் நீட்டினேன். ரெண்டடி பின்னாடி போனார்.

"நீயே எடுத்துக்கிட்டுப் போ. மீனும் ஒனக்கு, பாவமும் ஒனக்கு."

பெருந்தன்மையாகத்தான் சொன்னார். நானும் வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து அவருக்கு மீன் எடுக்கிற ஆள் நான்.

என்ன வேலை என்று கேட்டார். கம்பி கட்டுறேன் என்றேன். அதோடு என் பேர் கம்பி. "கம்பி, வா." "கம்பி, எடு." சொந்தப் பேரைக் கடைசிவரைக்கும் கேட்கவில்லை. நான் அவரை மொதலாளி என்பேன். அவரிடம் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. ஆனாலும் வாயில் அதுதான் வந்தது.

பாகூர் ஏரி அவர் கடைக்குப் பின்னாடி நடக்கிற தூரம். அதில் இல்லாத மீனா? ஏன் இவ்வளவு தூரம் வருகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"அது நம்ம ஊரு மீனுப்பா. நம்ம தண்ணி குடிச்சு வளந்தது. அதப் போயி புடிக்க மனசு வருமா? கடல் மீனு யாரோ எவரோ."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். "ஏரிக்கரையில தெரிஞ்சவன் வருவான்."

அதுதான் விஷயம். கோயில் திருப்பணிக் கமிட்டியில் அவர் பேர் மேலே இருந்தது. வீட்டில் சர்க்கரைக்கு வாக்கிங் என்று சொல்லிவிட்டு வருவார். ராடு என் வீட்டுக் கூரையில் சொருகியிருக்கும். வாக்கிங் போகிறவர் உடம்பு மூணு வருஷத்தில் ஒரு சுற்றுப் பெருத்தது. வீட்டம்மா கேட்கவில்லையா என்றேன். "கடல் காத்துக்குப் பசி எடுக்குதுன்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

ஒரு நாள் துவரம்பருப்பு வாங்க அவர் கடைக்குப் போனேன். அதுக்கு முந்தின நாள்தான் அவர் முள்ளிலிருந்து நாலு மீன் எடுத்திருந்தேன்.

"யாருப்பா? இன்னா வேணும்?" என்றார்.

வீட்டம்மா கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். புரிந்தது. பருப்பு கேட்டேன். நிறுத்துக் கட்டுகிற வரைக்கும் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கருவாடு இல்லை. முட்டை இல்லை. எலி மருந்து இருந்தது. எலி ஒட்டிக்கொள்கிற கோந்து அட்டை இருந்தது. கரப்பான் சாக்பீஸ், எறும்புப் பொடி, கொசுவத்தி எல்லாம் சாமி படத்துக்குக் கீழே வரிசையாக இருந்தன.

அடுத்த முறை கல்லில் வைத்துக் கேட்டேன். "முட்ட விக்க மாட்டீங்க. எலி மருந்து விக்கிறீங்களே மொதலாளி."

"விக்கத்தானே செய்யறேன். வெக்கறவன் வேற ஆளு."

"எலி சாவுதே."

"என் கையாலயா சாவுது?"

ராடை ஆட்டி நரம்பை இழுத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு எனக்கு ஏதோ நல்லது செய்கிற மாதிரி குரலை இறக்கிச் சொன்னார். "கேளு கம்பி. ஒலகத்துல எது வேணா நடக்கும். நம்ம கை படாம நடக்கணும். அவ்ளோதான்."

வெள்ளிக்கிழமை கோயில் மதில் ஓரமாக எறும்புக்குச் சர்க்கரை போடுவார். எறும்புப் பொடியும் அவர் கடையில்தான் நல்லா ஓடும்.

தூண்டில் போடுவதுக்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார். "முள்ளு கடல்ல கெடக்குது. அதுவா வந்து கடிக்குது. நடுவுல நான் எங்க இருக்கேன்?"

"முள்ளப் போட்டது நீங்கதானே?"

"கடல்ல எவ்ளவோ கெடக்குது. எல்லாத்தையுமா கடிக்குது?"

அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது. நானும் பேச்சுக்காரன் இல்லை.

முதல் வருஷம் மைதா மாவுதான் இரை. பெருங்காயமும் மஞ்சளும் போட்டுப் பிசைந்து எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவருவார். இறால் குத்தினால் மீன் இன்னும் நல்லா கடிக்கும் என்று வாயைத் திறந்துவிட்டேன். ஆடிப்போனார்.

"இன்னா பேசற நீ? ஒரு உயிர எடுத்து இன்னொரு உயிருக்குப் போடறதா?"

"கடைசில ரெண்டும் போறதுதானே மொதலாளி."

"ஒண்ணு கொறையுதுல்ல?"

மடவை பெருங்காயத்துக்கு வந்தது. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் மடவைக் குழம்பு வைத்தால் அன்றைக்குப் பெருங்காயம் தனியாகப் போடவேண்டாம் என்று என் பெண்டாட்டி சொல்வாள்.

இரண்டாவது வருஷம் போனில் பார்த்துப் பார்த்து பொம்மை மீன் வாங்கினார். விரல் நீளம். வெள்ளி நிறம். சிவப்புக் கண். வயிற்றுக்குக் கீழே மூணு முள் சேர்ந்த கொத்து ஒன்று, வாலில் ஒன்று. வீசி இழுத்தால் தண்ணீருக்குள் அடிபட்ட மீன் மாதிரி புரண்டு புரண்டு வரும். பெரிய மீன் ஏமாந்து பாயும். டப்பாவைத் திறந்து காட்டும்போது அவர் முகத்தில் பிள்ளை பிறந்த சந்தோஷம்.

"பிளாஸ்டிக்கு. சுத்த சைவம்."

ஒன்று சொல்ல வேண்டும். வீசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மீனவக் குப்பத்துக்காரர்களே நின்று பார்ப்பார்கள். இடுப்புக்குக் கீழே அசையாது. தோள் ஒரு தடவை திரும்பும். நரம்பு சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். எங்கே விழப்போகிறது என்று நாம் தேடினால், அவர் ஏற்கெனவே அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் பருப்புக்கடை, கமிட்டி, விபூதி ஒன்றும் நினைப்புக்கு வராது. நானும் என் தூண்டிலை மறந்து நின்றிருக்கிறேன். அப்புறம் மீன் மாட்டும். "கம்பி, எடு!" மறுபடியும் பழைய ஆள்.

புரட்டாசியில் எங்கள் பக்கம் பாதி வீட்டில் மீன் ஏறாது. நாங்களும் நிறுத்திவிடுவோம். எல்லாரும் விரதம் இருக்கும்போது அவர் மட்டும் சும்மா இருக்க முடியுமா? தின்னாத மீனை எப்படி நிறுத்துவது? முள்ளை நிறுத்தினார். நரம்பில் வெறும் ஈயக்குண்டைக் கட்டி வீசுவார். இழுப்பார். மறுபடியும் வீசுவார். ஒரு மாசம் முழுக்க இப்படி. விபூதியோடு சந்தனமும் சேர்ந்துகொள்ளும். நான் என் பாட்டுக்குக் குந்திப் பார்த்துக்கொண்டிருப்பேன். எடுக்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் வரச் சொல்வார்.

அப்படி ஒரு புரட்டாசியில் குண்டு கனத்தது. இழுத்தார். ஒரு நண்டு குண்டைக் கவ்விக்கொண்டு கரைவரைக்கும் வந்துவிட்டது. விடவே இல்லை.

"நான் கூப்புடல! அதுவா வந்துச்சு! நீ சாட்சி, கம்பி!"

"சாட்சி மொதலாளி."

"முள்ளே இல்ல. பாத்துக்கோ. முள்ளே இல்ல."

"பாத்தேன்."

நண்டைப் பிரித்துக் கடலில் விட்டேன். போகும்போது கடித்துவிட்டுப் போனது. அதுவும் என்னைத்தான்.

இப்போது அவர் இங்கே இல்லை. மகனோடு ஓசூர் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். ஓசூரில் கடல் இல்லை. அங்கே எதைக் கை படாமல் செய்கிறாரோ தெரியாது.

மூணாவது வருஷம் ஐப்பசியில் கல்லில் நடந்தது இது.

காற்று மாறியிருந்தது. வடக்குக் கல்லில் அலை ஏறி ஏறி அடித்தது. வேண்டாம் மொதலாளி, மணலுக்குப் போகலாம் என்றேன். புரட்டாசி முழுக்கச் சும்மா வீசினவர் கேட்பாரா? விரதம் முடிந்த கையோடு பொம்மை மீனைக் கட்டினார். நாலாவது வீச்சில் பாரை மாட்டியது. ரெண்டு கிலோ இருக்கும். கல் அடி வரைக்கும் அழகாகக் கொண்டுவந்தார். நான் கீழ்க்கல்லில் இறங்கினேன். பாசி வழுக்கியது. இடது கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மீனைத் தூக்கினேன்.

மீன் ஒரு உதறு உதறியது. வயிற்று முள் அதன் வாயில் இருந்தது. வால் முள் என் உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே, நுனியில் திரும்பி நிற்கிற எதிர்முள் வரைக்கும் இறங்கிவிட்டது.

இப்போது நானும் மீனும் ஒரே பொம்மையில் மாட்டியிருந்தோம். அது துடிக்கிற ஒவ்வொரு துடிப்புக்கும் முள் உள்ளே கிழித்தது. வலது கை. கொக்கி பிடித்து முறுக்குகிற கை. இடது கையை எடுத்தால் அலை என்னை இழுத்துக்கொண்டு போகும்.

"மொதலாளி, எறங்கி வா. மீன் தலையப் புடி."

ரெண்டு கல் இறங்கினார். நல்லா இறங்கினார், வழுக்காமல். மீனுக்கு ஒரு முழ தூரத்தில் கையை நீட்டினார். இழுத்துக்கொண்டார்.

"யாராவது வராங்களா பாக்கறேன்."

"யாரும் இல்ல. நீ புடிச்சா போதும். ஆடாம புடி. மீதிய நான் பாத்துக்கறேன்."

"இரு, இரு."

"ஒரு கல்ல எடுத்தாவது அடி. நின்னுடும்."

"நானா?" என்றார்.

அந்த முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. பயம் இல்லை. கெட்டவரும் இல்லை. கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. அவரால் ஆகாது, அவ்வளவுதான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். மணலில் தெற்கே பார்த்து ஓடினார். ஆள் தேடி.

தெற்குக் கல் அரைக் கிலோமீட்டர்.

நான் வயிற்றைக் கல்லோடு சேர்த்துக் கவிழ்ந்தேன். மீனை இழுத்து என் முட்டிக்குக் கீழே கொண்டுவந்தேன். முட்டியால் அமுக்கினேன். மூணு அலை தலைக்கு மேல் போனது. மீன் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அது அடங்கின பிறகுதான் எனக்கு வலி தெரிந்தது.

மீன்கார அக்கா ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாதிக் குப்பத்து மீனை அவள்தான் வாங்கி விற்கிறவள். அன்னக்கூடை இடுப்பில் இருந்தது. ஓடிவந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

கீழே எட்டிப் பார்த்தாள். "செத்துப்போச்சே இது. இதுக்கா என்ன ஓட்டிக்கிட்டு வந்த?"

அவர் எட்டிப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அதுவா போயிடுச்சா? நல்ல காலம்."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன்யா, இவ்ளோ பெரிய ஆம்பள நிக்கற. ஒங்கையி இன்னா, கோயில் செலைக்கு வெக்கச் செஞ்சதா?"

அவள்தான் இறங்கி வந்தாள். கத்தியால் மீனின் வாயை அறுத்து மீனைப் பிரித்தாள். பொம்மை என் கையோடு இருந்தது. அதை எடுக்க அவளாலும் ஆகவில்லை. "டாக்டருதான் எடுக்கணும்" என்றாள். மீனை என் பையில் போட்டாள். அந்த நேரத்திலும் மீனை விடக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவர் ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வேகமாகத்தான் ஓட்டினார். வழியெல்லாம் "ஒண்ணும் ஆவாது கம்பி, ஒண்ணும் ஆவாது" என்றார். பள்ளத்துக்குப் பள்ளம் பொம்மை மீன் என் கையில் குதித்தது.

நர்ஸ் அம்மா சீட்டு எழுதினாங்க. "எப்படி ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார். "ஆணிங்க. கட்டட வேலை எடத்துல."

நர்ஸ் அம்மா என் கையைப் பார்த்தாங்க. பொம்மை சிவப்புக் கண்ணால் அவங்களைப் பார்த்தது.

"ஆணிக்குக் கண்ணு இருக்கே" என்றாங்க.

"இப்ப வர்றது அப்படித்தாங்க" என்றார் அவர்.

அவங்க என்னைப் பார்த்தாங்க. நான் தரையைப் பார்த்தேன். சீட்டில் ஆணி என்றுதான் எழுதினாங்க. வரிசையில் இன்னும் இருபது பேர் நின்றார்கள்.

மரத்துப்போக ஊசி போட்டு, வெட்டி எடுத்தார்கள். உள்ளே ஏதோ ஒரு நரம்பு அறுந்திருக்கு என்றார் டாக்டர். கட்டைவிரல் முழுசாக மடங்குமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

ஒரு மாசம் வேலைக்குப் போகவில்லை. அவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. எங்கள் வீட்டில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தெருவிலேயே நின்று ஒரு மூட்டை அரிசியை இறக்கி வைத்தார். நல்ல அரிசி.

"கை எப்ப சரியாவும் கம்பி?"

"தெரியல மொதலாளி."

"கார்த்திகைக்குள்ள ஆயிடும்ல?"

"எதுக்கு?"

"இல்ல... மழைத் தண்ணி எறங்கினா கொடுவா கரைக்கு வரும்னு சொல்றாங்க."

அவர் போன பிறகு என் பெண்டாட்டி அரிசியை உள்ளே இழுத்துக்கொண்டே சொன்னாள். "அந்தாளு ஒங் கைய விசாரிக்க வரல. அவரு கைய விசாரிக்க வந்தாரு."

கட்டு பிரித்தார்கள். கட்டைவிரல் பாதிதான் மடங்கியது. கொக்கி நிற்கவில்லை. ரெண்டு முறுக்குக்கு ஒரு தடவை நழுவி விழுந்தது. மேஸ்திரி ரெண்டு நாள் பார்த்தார். மூணாவது நாள் "நீ தூக்குற பக்கம் போயிடுப்பா" என்றார். இருபது வருஷம் கட்டினவன் கம்பி தூக்க ஆரம்பித்தேன். தூக்குவதுக்குத் தோள் போதும்.

கார்த்திகையில் அவர் வந்தார். ராடை எடுத்துக்கொண்டு கூடவே போனேன். போகும் வழியிலேயே சொல்லிவிட்டேன். "மொதலாளி, நான் இனிமே எடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"நீங்களே எடுத்துக்குங்க."

சிரித்தார். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்தார். நான் தமாஷ் பண்ணி அவர் பார்த்ததே இல்லை.

மழை விட்டு மூணு நாள். கடல் செம்மண் கலரில் இருந்தது. கல்லுக்குப் போகவில்லை. நடு மணலில் நின்றார். இருபது வீச்சுக்கு ஒன்றும் இல்லை. நான் கரையில் கிடந்த ஒரு படகுக்குப் பக்கத்தில் குந்தினேன். அடுத்த வீச்சில் ராடு வளைந்தது. அப்படி வளைந்து நான் பார்த்ததில்லை. கடல் பிளந்து ஒரு வெள்ளை எழும்பி விழுந்தது.

கொடுவா.

அரை மணி நேரம் ஆடினார். மீன் ஓடினால் விட்டார். நின்றால் இழுத்தார். மணலில் அது கூட நாலடி நடந்தார், திரும்பி நாலடி வந்தார். பாம்பாட்டி மாதிரி. விபூதி வேர்த்து மூக்குக்கு இறங்கிவிட்டது. முதல் தடவையாகப் பார்த்தேன். கடைசியில் ஒரு அலையோடு சேர்த்து ஈர மணலில் ஏற்றினார். ஏழெட்டுக் கிலோ இருக்கும். கரையில் படுத்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பொம்மை கீழ்த்தாடையில் தொங்கியது.

"கம்பி, எடு!"

நான் எழுந்திருக்கவில்லை.

"எடுப்பா! போயிடப்போவுது!"

"எடுக்க மாட்டேன்னு சொன்னேனே மொதலாளி."

திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கரையில் ஆள் தேடினார். மீன்கார அக்கா தெற்கே இருந்து வந்துகொண்டிருந்தாள். கையை ஆட்டிக் கூப்பிட்டார். அவள் வந்து கூடையை இறக்கினாள். மீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். ரெண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எடும்மா. ஒனக்குத்தான். முழுசும் ஒனக்குத்தான்."

"எனக்கு எதுக்கு? நான் வாங்கி விக்கறவ. புடிக்கறவ இல்ல."

"ரெண்டு பேருமா சேந்துக்கிட்டீங்களா?"

"மீனு காயுது. பேசிக்கிட்டு நிக்காத."

நரம்பைப் பிடித்து மீனைத் தண்ணீர்ப் பக்கம் இழுத்துப் பார்த்தார். அப்படியே முள்ளோடு போய்விடட்டும் என்று. மீன் போகவில்லை. அதுக்குத் தெம்பு இல்லை. செருப்புக் காலால் தள்ளிப் பார்த்தார். கால் படலாமா என்று நினைத்தாரோ என்னவோ, உடனே எடுத்துக்கொண்டார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றினார்.

அக்கா கேட்டாள். "அது இன்னாத்துக்கு?"

"துணிதானே தொடுது."

துண்டோடு பிடித்தார். துண்டு வழுக்கி மீனோடு போனது. மீன் துண்டைச் சுற்றிக்கொண்டு புரண்டது. வாய் திறக்கிறது நின்று நின்று வர ஆரம்பித்தது. எனக்கே எழுந்துவிடலாம் போல இருந்தது. கையை மணலில் அமுக்கி வைத்துக்கொண்டேன்.

அவர் மண்டி போட்டார். கண்ணை மூடிக்கொள்வார் என்று நினைத்தேன். மூடவில்லை. ஒரு விரலால் மீனின் முதுகைத் தொட்டார், இட்லி வெந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி. பிறகு கையை முழுசாக வைத்தார்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி. தெரியாதவன் அங்கேதான் கையை விடுவான். அவர் விடவில்லை. கட்டைவிரலை வாய்க்குள் விட்டுக் கீழ்த்தாடையைப் பிடித்தார். இடது கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்தார். முள்ளை வந்த வழியிலேயே ஒரு சுண்டு. வந்துவிட்டது. மூணு வருஷமாக நான் எடுப்பதை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். என்னைவிடச் சுத்தமாக எடுத்தார்.

மீனைத் தூக்கிக்கொண்டு பேன்டோடு கடலில் இறங்கினார். இடுப்புத் தண்ணீரில் நின்று, மீன் தலையை அலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஆட்டினார். அதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. நான் எதையும் திருப்பி விட்டவன் இல்லை. ரொம்ப நேரம் அப்படியே நின்றார். தொட்டிலாட்டுகிற மாதிரி இருந்தது. அக்காகூட இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

வால் ஒரு தடவை அடித்தது. இன்னொரு தடவை. அவர் கையை விட்டார். தண்ணீர் சுழித்தது. போய்விட்டது.

அவர் அங்கேயே நின்றார். பெரிய அலை ஒன்று வந்து நெஞ்சுவரைக்கும் நனைத்தது. திரும்பி நடந்து வந்தார். எனக்கு மனசு என்னமோ போல் இருந்தது. ஏதாவது சொல்வார், என் கையைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்வார் என்று எழுந்து நின்றேன்.

எனக்கு எதிரில் வந்து நின்றார். ரெண்டு கையையும் விரித்துக் காட்டினார். செதில் ஒட்டியிருந்தது.

"பாத்தியா கம்பி? நான் எடுத்தா பொழைக்குது. ஒங் கையில எத்தன செத்துச்சு!"

அக்கா "அட கடவுளே" என்று மணலில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் கேட்டதில் தப்பும் இல்லை.

மணலைப் போட்டுக் கையைத் தேய்த்தார். கடல் தண்ணீரில் கழுவினார். மோந்து பார்த்தார். மறுபடியும் தேய்த்தார். மறுபடியும் மோந்தார். மீன் நாற்றம் ஒரு கழுவலில் போகாது, அது தொட்டவனுக்குத் தெரியும். கடை திறக்க நேரமாகிவிட்டது என்று ஸ்கூட்டரை எடுத்தார்.

சவுக்குத் தோப்பு வரைக்கும் ரோடு நேராகப் போகும். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு கையால்தான் வண்டி ஓட்டினார். இன்னொரு கை மூக்கில் இருந்தது. ரொம்ப தூரம் அதை எடுக்கவே இல்லை.